கொசு கொண்டுவரும் வைரஸ்கள் நம் உடலின் முதல் காவலை எப்படித் தாண்டுகின்றன?

கேள்வி இதுதான்: எந்த வைரஸ் நுழைந்தாலும் சில மணி நேரத்திலேயே நம் செல்கள் அதைக் கண்டுபிடித்து, இன்டர்ஃபெரானைச் சுரந்து, பக்கத்து செல்களை உஷார்படுத்திவிடும் என்று படிக்கிறோம். அப்படியென்றால் டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா போன்றவை எப்படி ரத்தத்தில் அத்தனை பெருகுகின்றன? அந்த இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டால் குணமாகிவிடாதா?

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தையில்: நேரம். இந்த வைரஸ்கள் நம் எதிர்ப்பு சக்தியைத் தோற்கடித்து உடலில் குடியேறுவதில்லை. டெங்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு வாரம், பத்து நாளுக்குள் வைரஸ் ரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் வைரஸுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிலிருந்து காய்ச்சல் அடிக்கும் நாட்கள் வரை ரத்தத்தில் அது ஏராளமாக இருந்தால் போதும், இன்னொரு கொசு வந்து கடித்து எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு தந்திரத்தையும், இது எத்தனை மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள், எல்லாம் புரிந்துவிடும்.

முதலில் நம் பக்கத்துக் காவல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் கண்டுபிடிப்பது. நம் செல்லுக்குள் ரிக்-ஐ, எம்டிஏ5 என்ற இரண்டு புரதங்கள் எந்நேரமும் ஆர்என்ஏக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. நம்முடைய தூது ஆர்என்ஏவின் முனையில் ஒரு தொப்பி இருக்கும். நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ நம் செல்லில் சாதாரணமாக இருக்காது. தொப்பியில்லாமல் மூன்று பாஸ்பேட்டோடு ஒரு முனை தெரிந்தாலோ, இரட்டை இழை தட்டுப்பட்டாலோ, இவை மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்திடம் போய்ச் சேதி சொல்லும், அங்கிருந்து சங்கிலித் தொடராகச் சேதி உட்கருவுக்குப் போய் இன்டர்ஃபெரான் உற்பத்தி தொடங்கும். இரண்டாவது கட்டம், அந்த இன்டர்ஃபெரான் வெளியே போய்ப் பக்கத்து செல்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்வது. அப்போது அந்த செல்களுக்குள் ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கிவிடும். வைரஸின் ஆர்என்ஏவை வெட்டுவது, புரத உற்பத்தியை நிறுத்துவது, வைரஸ் நுழையும் வாசலைச் சிக்கலாக்குவது என்று அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் கோழி முட்டைச் சவ்வுத் துண்டுகளில் சூடேற்றிச் செயலிழக்க வைத்த இன்ஃபுளூயன்சா வைரஸைப் போட்டு, அந்தத் திரவத்தைப் புதிய சவ்வுகளில் விட்டபோது அவற்றில் வைரஸ் வளரவில்லை. இன்டர்ஃபெரான் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது.

சரி, இப்போது கொசு கடிக்கும் இடத்துக்கு வருவோம். பலரும் கொசுவை ஒரு ஊசி மாதிரிதான் நினைக்கிறார்கள், அது பெரிய தவறு. கொசு எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்கள், ரத்தக் குழாயை விரிக்கும் பொருள்கள் என்று நிறைய இருக்கின்றன, அவற்றால்தான் தோல் தடித்து அரிக்கிறது. அந்த வீக்கத்துக்கு நியூட்ரோஃபில்கள் ஓடி வருகின்றன, அவற்றின் பின்னால் வேறு வகை வெள்ளணுக்களும் வருகின்றன, கெட்ட நேரம் பாருங்கள், பின்னால் வரும் அந்த வெள்ளணுக்கள்தான் இந்த வைரஸ்கள் தொற்றிப் பெருகுவதற்குத் தோதான செல்கள். எலிகளில் செய்த சோதனைகளில் வைரஸை வெறும் ஊசியால் செலுத்தியதைவிட, கொசு கடித்த இடத்தில் செலுத்தியபோது வைரஸ் அதிகமாகப் பெருகியது, நோயும் கடுமையானது. காவலுக்கு வந்தவர்களே வைரஸுக்கு வண்டியாகிவிடுகிறார்கள். காவல் தாமதமாவது இங்கேயே தொடங்கிவிடுகிறது.

செல்லுக்குள் நுழைந்ததும் டெங்கு செய்யும் முதல் வேலை ஒளிந்துகொள்வது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டெங்குவின் மரபணுத்தொகுதி சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. அதைப் படியெடுக்க வேண்டுமென்றால் எதிர் இழையை உருவாக்கியே ஆக வேண்டும், உருவாக்கினால் இரட்டை இழை வரும், இரட்டை இழை வந்தால் எம்டிஏ5 பிடித்துவிடும். வைரஸ் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு, செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலையின் சவ்வை உள்பக்கமாகக் குழித்துச் சின்னச் சின்னப் பைகளை உண்டாக்குவது. ஒவ்வொரு பையும் சுமார் 90 நானோமீட்டர் அகலம், வெளியே திறக்கும் வாய் வெறும் 11 நானோமீட்டர் அளவுதான். படியெடுக்கும் வேலை முழுக்க அந்தப் பைக்குள் நடக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரட்டை இழை ஆர்என்ஏவில் மட்டும் ஒட்டும் ஓர் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடியை) எடுத்துக்கொண்டு, தொற்றுள்ள செல்களின் எல்லாச் சவ்வுகளையும் சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருளால் துளைத்துவிட்டுச் சாயமேற்றினால், நுண்ணோக்கியில் உட்கருவைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக ஒளிரும். அதே செல்களை டிஜிட்டோனின் என்ற மென்மையான பொருளால், வெளிச்சவ்வை மட்டும் துளைத்துச் சாயமேற்றினால், பொட்டுகளைக் காணோம். ஆர்என்ஏ அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் செல்லின் திரவத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ரிக்-ஐயும் எம்டிஏ5உம் அந்தத் திரவத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எப்போதும் ஒளிந்தே இருக்க முடியாது, புதிதாக உருவான ஆர்என்ஏ புரதம் தயாரிக்க வெளியே வந்தாக வேண்டும். அதற்காக டெங்கு, வெஸ்ட் நைல் போன்ற ஃபிளாவி வைரஸ்கள் வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. அவற்றின் என்எஸ்5 என்ற புரதம், நம் தூது ஆர்என்ஏவில் இருப்பதைப் போன்ற தொப்பியைத் தைத்துக்கொள்கிறது, கூடவே தொப்பிக்கு அடுத்துள்ள எழுத்தின் சர்க்கரையில் ஒரு மெத்தில் குழுவையும் ஒட்டுகிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான் அந்த மெத்தில். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த மெத்திலை ஒட்ட முடியாதபடி மாற்றப்பட்ட வெஸ்ட் நைல் வைரஸ் சாதாரண எலிகளில் பலவீனமாகிவிட்டது, ஆனால் மெத்தில் இல்லாத ஆர்என்ஏவை அடையாளம் கண்டு தடுக்கும் இஃபிட்1 என்ற புரதம் இல்லாத எலிகளில் அதே வைரஸ் மறுபடியும் கொல்லும் வலிமை பெற்றது. வேஷம் யாரை ஏமாற்றப் போடப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்குன்குனியா இருக்கும் ஆல்ஃபா வைரஸ் குடும்பத்துக்கு அந்த மெத்திலை ஒட்டத் தெரியாது. அவற்றின் தொப்பி அரைகுறைதான், இஃபிட்1 எளிதில் பிடித்துவிட வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்தில் சில வைரஸ்கள் ஆர்என்ஏவின் முனையையே ஒரு கொண்டை ஊசி மாதிரி மடித்துவைத்திருக்கின்றன, இஃபிட்1 வந்தாலும் பிடிக்க நுனி கிடைப்பதில்லை. ஒரே பூட்டுக்கு இரண்டு குடும்பங்கள் இரண்டு வேறு சாவி செய்திருக்கின்றன. வைரஸுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அடிக்கடி கேட்பார்கள். அதற்கு எதுவும் தெரியாது. இந்த வைரஸ்கள் ஆர்என்ஏவைப் படியெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்துவதில்லை, எனவே ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட பிரதிகள் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றில் காவலில் சிக்காதது மிஞ்சுகிறது.

வேஷமும் முழுக்கப் பலிப்பதில்லை. ஏதோ ஒரு துண்டு ரிக்-ஐயிடம் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். அப்போது அடுத்த தந்திரம், சேதி போகும் வழியை அடைப்பது. ரிக்-ஐ மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போக 14-3-3 எப்சிலன் என்ற புரதம் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் புரதம், பாஸ்பேட் ஒட்டிய ஒரு குறிப்பிட்ட வரிசையைப் பார்த்தால்தான் கை கொடுக்கும். டெங்குவின் என்எஸ்3 புரதத்தில் அதைப் போலவே தோன்றும் வரிசை இருக்கிறது, பாஸ்பேட் இருக்க வேண்டிய இடத்தில் அதே மின்னூட்டம் உள்ள குளுட்டமிக் அமிலம். வழிகாட்டி அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது, ரிக்-ஐ இருந்த இடத்திலேயே நிற்கிறது. 2016இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் அந்த வரிசையை மட்டும் மாற்றிய டெங்கு வைரஸைச் செய்து பார்த்தபோது, செல்கள் பலமாக இன்டர்ஃபெரான் சுரந்தன.

அப்புறம் ஸ்டிங் கதை, இது பலரைக் குழப்பும். ஸ்டிங் என்பது டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும் பாதையில் உள்ள புரதம். டெங்குவில் டிஎன்ஏவே கிடையாது, ஆனாலும் அதன் புரதம் வெட்டும் என்சைம் ஸ்டிங்கைத் தேடிப் போய் வெட்டுகிறது. 2012இல் இது வெளிவந்தபோது எதற்காக என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பிறகு விடை கிடைத்தது: டெங்கு தொற்றினால் மைட்டோகாண்ட்ரியா சேதமாகி, அதன் சொந்த டிஎன்ஏ செல்லின் திரவத்தில் கசிகிறது, நம் செல் அதை அபாயமாக எடுத்துக்கொண்டு மணி அடிக்கிறது. அதாவது வைரஸைப் பார்க்காமலேயே, அது உடைத்துப் போட்டதைப் பார்த்து வீட்டுக்குள் ஆள் புகுந்ததைக் கண்டுபிடிப்பது மாதிரி. டெங்கு அந்தக் கதவையும் அடைத்துவைத்திருக்கிறது. இதில் ஒரு முக்கியமான விஷயம், அது மனித ஸ்டிங்கைத்தான் வெட்டும், எலியின் ஸ்டிங்கை வெட்ட முடியாது.

இத்தனையையும் மீறி இன்டர்ஃபெரான் வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது இரண்டாவது கட்டத்தை உடைக்க வேண்டும், அங்கே இலக்கு ஸ்டாட்2. டெங்குவின் என்எஸ்5 ஸ்டாட்2வைப் பிடித்து, யுபிஆர்4 என்ற நம் செல்லின் சொந்தப் புரதத்தின் உதவியோடு, செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடுகிறது. ஆய்வகத்தில் இதைப் பார்த்தால் மறக்க முடியாது. தொற்று இல்லாத செல்களின் புரதங்களையும் தொற்றுள்ள செல்களின் புரதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒவ்வொரு புரதத்தையும் ஒரு பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை செய்தால், ஸ்டாட்1 பட்டை இரண்டிலும் இருக்கும், ஸ்டாட்2 பட்டை தொற்றுள்ள பக்கத்தில் மங்கி ஏறக்குறைய காணாமலேயே போயிருக்கும். புரோட்டியசோமை நிறுத்தும் மருந்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினால் பட்டை திரும்பி வந்துவிடும். ஜிகாவும் ஸ்டாட்2வை அழிக்கிறது, ஆனால் அதற்கு யுபிஆர்4 தேவைப்படவில்லை. மஞ்சள் காய்ச்சல் வைரஸின் என்எஸ்5 ஸ்டாட்2வை அழிப்பதில்லை, செல்லில் இன்டர்ஃபெரான் வந்து சேர்ந்த பிறகுதான் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. வெஸ்ட் நைல் இன்னும் முன்னாலேயே போய், இன்டர்ஃபெரான் வந்து ஒட்ட வேண்டிய ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வராமல் கெடுக்கிறது. இவை எல்லாமே நெருங்கிய உறவுக்கார வைரஸ்கள், செய்வதும் ஒரே புரதம், ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் முறை வேறு. அதனால்தான் ஒரு வைரஸில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்திப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

எலியின் ஸ்டாட்2வையும் டெங்கு, ஜிகாவின் என்எஸ்5ஆல் அழிக்க முடியாது. இதன் விளைவு பெரியது. சாதாரண ஆய்வக எலிக்கு டெங்குவோ ஜிகாவோ கொடுத்தால் எலி அதை எளிதாக ஒழித்துவிடும், நோயே வராது. அதனால் பல ஆண்டுகளாக இன்டர்ஃபெரான் ஏற்பியே இல்லாத எலிகளில்தான் ஆய்வு செய்கிறார்கள், அதாவது நாம் படிக்க நினைக்கும் காவலையே எடுத்துவிட்டுப் படிக்கிறோம். 2018இல் எலியின் ஸ்டாட்2 மரபணுவை மனித ஸ்டாட்2ஆக மாற்றிய எலிகளை உருவாக்கினார்கள், எலிகளுக்குப் பழக்கப்படுத்திய ஜிகா வைரஸ் அவற்றில் தொற்றிப் பரவியது. இந்த வைரஸ்கள் நம் உடலுக்கென்றே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன என்பது அந்த ஒரு மரபணு மாற்றத்தில் தெரிகிறது.

இன்னொன்றை விட்டுவிட மனமில்லை. நம் செல்லில் எக்ஸ்ஆர்என்1 என்ற என்சைம் இருக்கிறது, பழைய ஆர்என்ஏவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தின்றுகொண்டே போகும். ஃபிளாவி வைரஸின் ஆர்என்ஏவையும் அது தின்னத் தொடங்குகிறது, ஆனால் வால் பகுதி வந்ததும் நின்றுவிடுகிறது. அங்கே ஆர்என்ஏ தன்னைத் தானே சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது, என்சைமால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. 300 முதல் 500 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு மிஞ்சுகிறது, அது புரதம் எதையும் உருவாக்காது, ஆனால் அதுவே ஆயுதம். 1994இல் புவேர்ட்டோ ரிக்கோவில் டெங்கு வேகமாகப் பரவியது, புதிதாக வந்த ஒரு டெங்கு-2 வகை அங்கே முன்பிருந்த வகையை ஓரங்கட்டியது. 2015இல் அந்த இரண்டு வகைகளையும் ஒப்பிட்டபோது, புதிய வகையின் வால் பகுதியில் ஒரு சில எழுத்துகள் மாறியிருந்தன, அது இந்த மிச்சத் துண்டை அதிகமாக உண்டாக்கியது, அந்தத் துண்டு ரிக்-ஐயை இயக்க வேண்டிய டிரிம்25 என்ற புரதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இன்டர்ஃபெரானைக் குறைத்தது. நம் செல் வைரஸைத் தின்று மிச்சம் வைத்ததே நம் காவலைக் கட்டிப்போடுகிறது. இதே துண்டு கொசுவுக்குள்ளும் வேலை செய்கிறது. கொசுவுக்கு இன்டர்ஃபெரான் கிடையாது, அது வைரஸ் ஆர்என்ஏவைச் சுமார் 21 எழுத்துத் துண்டுகளாக வெட்டி அவற்றை வைத்து வேட்டையாடும், கூடவே டோல் என்ற எதிர்ப்புப் பாதையும் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ வகையின் அந்த மிச்சத் துண்டு கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் சேர்ந்து அங்கே டோல் பாதையை அடக்குவதாகவும் பின்னர் கண்டார்கள். இரண்டு உடல்களின் இரண்டு வேறு காவலுக்கு ஒரே துண்டு போதுமாக இருக்கிறது.

ஃபிளாவி வைரஸ்கள் பொறுக்கி எடுத்துத் தாக்குகின்றன என்றால் சிக்குன்குனியா மொத்தமாகக் கடையைச் சாத்திவிடுகிறது. அதன் என்எஸ்பி2 புரதம் உட்கருவுக்குள் போய், மரபணுக்களைப் படித்துத் தூது ஆர்என்ஏ எழுதும் நம் இயந்திரத்தின் ஒரு முக்கிய பாகத்தையே அழித்துவிடுகிறது. ஸ்டாட் ஜோடி வந்து தட்டினாலும் எழுதுவதற்கு ஆள் இல்லை. செல் சீக்கிரம் செத்துவிடும், ஆனால் வைரஸ் அதற்குள் பெருகி வெளியே போய்விடுகிறது. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வைரஸும் என்எஸ்எஸ் என்ற புரதத்தால் இதே போன்ற வேலையைச் செய்கிறது. அந்தப் புரதத்தின் பெரும்பகுதி இயற்கையாகவே விடுபட்டுப்போன குளோன் 13 என்ற வகை நோயை உண்டாக்காததால், அதையே கால்நடைகளுக்குத் தடுப்பூசியாக்கினார்கள். கிழக்குக் குதிரை மூளையழற்சி வைரஸ் இதற்கெல்லாம் நேர்மாறு. அதன் ஆர்என்ஏவில், வெள்ளணுக்களில் மட்டும் நிறைய இருக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ வந்து ஒட்டித் தடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தன்னைத் தடுக்கும் இடத்தை ஏன் ஒரு வைரஸ் சுமந்து திரிய வேண்டும்? இன்டர்ஃபெரானை அதிகம் சுரக்கும் அந்த செல்களில் பெருகாமல் இருந்தால் ஆரம்பத்தில் யாருக்கும் சத்தம் கேட்காது, அப்படியே மூளைக்குப் போய்விடலாம்.

இரண்டாம் முறை வரும் டெங்குவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் முறை வந்த டெங்கு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்புரதம் வேறு வகையைச் சரியாக முடக்காமல் ஒட்டிக்கொண்டால், வெள்ளணு அந்தக் கூட்டத்தையே உள்ளே இழுத்துக்கொள்ளும், நுழைவு எளிதாவதோடு அந்த வழியாக வரும்போது செல்லின் இன்டர்ஃபெரான் வேலையும் குறைகிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இனி ஊசி. மனித செல்களுக்கு முன்கூட்டியே இன்டர்ஃபெரான் கொடுத்துவிட்டுப் பிறகு டெங்குவைச் செலுத்தினால் செல்கள் நன்றாகத் தப்பிக்கின்றன. வைரஸ் நுழைந்து சில மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பெரிதாகப் பயன் இல்லை, ஏனென்றால் அதற்குள் ஸ்டாட்2 போய்விட்டது, சேதி வந்தாலும் கேட்க உள்ளே ஆள் இல்லை. ஜப்பானிய மூளையழற்சிக்கு இதை நோயாளிகளிடமே முயன்று பார்த்தார்கள். வியட்நாமில் 112 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2003இல் வந்தது, இன்டர்ஃபெரான் ஆல்ஃபா பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இதை வைத்து இன்டர்ஃபெரானே பயனற்றது என்று நினைத்துவிடாதீர்கள். வெஸ்ட் நைல் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருந்தது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. கொசு கடித்த முதல் சில நாட்களில் இன்டர்ஃபெரான் இருப்பதும் இல்லாமல் போவதும்தான் பலருக்கு சாதாரணக் காய்ச்சலுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் இடையில் நிற்கிறது. ஆனால் அந்த நாட்களில் யாரும் மருத்துவரிடம் போவதில்லை, உடம்பில் ஒன்றுமே தெரியாது. டெங்குவில் நிலைமை இன்னும் தள்ளிப்போகிறது: ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், அப்போது ரத்தத்தில் வைரஸ் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும், அதை எடுத்துப்போக வேண்டிய கொசுவும் எடுத்துப் போயிருக்கும்.